கதவில் ஒட்டாத காகிதம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

சங்க மலருக்கு எழுதித் தரச் சொல்லி வீடு தேடி வந்து கேட்டீர்கள். எனக்கு ஒன்பதாவது வரைதான் படிப்பு. பேசுகிற மாதிரிதான் எழுத வரும். எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலை கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்காருகிற வேலை. மணி அடித்தால் உள்ளே போவோம், கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வருவோம். உள்ளே இருக்கிறவர்தான் முடிவு எடுக்கிறார், நமக்கு அதில் பங்கில்லை என்று இருபத்தைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவருக்குப் பிடிக்காது என்பதால் பெயரை எழுதவில்லை. பல்கலைக்கழகத்துச் சட்டத் துறைக்கு அவர் விரிவுரையாளராக வந்தபோது நான் அங்கே கடைநிலை ஊழியர். கோணிப்பையில் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். தூக்கப் போனேன். "தனியாத் தூக்காதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று இன்னொரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. பிறகு அவர் பேராசிரியர் ஆனார், துறைத்தலைவர் ஆனார், சட்டப் புத்தகங்கள் எழுதினார். எங்கெங்கோ இருந்து பெரிய வக்கீல்கள் சந்தேகம் கேட்டு வந்தார்கள். கடைசியில் துணைவேந்தர் ஆனார். அந்த வாசலுக்கு என்னையே தபேதாராகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

துறைத்தலைவராக இருந்த காலத்திலேயே அவரிடம் ஒரு பழக்கம். மேசைக்கு எதிரில் எப்போதும் இரண்டு நாற்காலி கிடக்க வேண்டும். யாராவது வந்து இன்னொருவரைப் பற்றிப் புகார் சொல்ல வாயெடுத்தால் மணி அடிப்பார். "கொளஞ்சி, அவரையும் கூட்டிட்டு வாங்க" என்பார். அந்த ஆள் வந்து இரண்டாவது நாற்காலியில் உட்காருகிறவரை முதல் நாற்காலிக்காரர் வானிலையைப் பற்றித்தான் பேசலாம். பாதிப் பேர், "அப்புறம் வரேன் சார்" என்று எழுந்து போய்விடுவார்கள். துணைவேந்தர் ஆன முதல் நாளே அங்கே கிடந்த சோபாவை எடுத்துவிட்டு இரண்டு நாற்காலி போடச் சொன்னார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உங்க ஊருப் பக்கம் கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிகிட்ட பிராது கட்டுவாங்களாமே? நிஜமா?"

"ஆமாங்கய்யா. குறையக் காகிதத்துல எழுதி, சாமி கால்ல வச்சி வாங்கிட்டுப் போயி, முனியப்பர் சன்னதியில கட்டுவாங்க. மூணு மாசத்துல பலன் தெரியும். எங்கம்மா கட்டித்தான் நான் பொறந்தேன். அதான் இந்தப் பேரு."

"சரி, ஒருத்தன் மேல பிராது கட்டினா, அந்த எதிராளிக்கு நோட்டீசு போகுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமிக்கு ரெண்டு பக்கமும் தெரியுங்களே ஐயா. எதுக்கு நோட்டீசு?"

அவர் சிரிக்கவில்லை. "அதுதான் வித்தியாசம் கொளஞ்சி. நமக்குத் தெரியாதே" என்றார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தேர்வுப் பிரிவில் பழமலை என்று ஒருவர். தொகுப்பூதியத்தில் பதினோரு வருடமாக வேலை. அந்த வருடம் நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. எங்கள் விருத்தாசலத்துக்காரர்தான், பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம் வீடு. அவர் பதினைந்து நாள் விடுப்பில் போயிருந்த நேரத்தில் விடைத்தாள் கட்டு ஒன்று காணவில்லை என்று தெரிந்தது. விடைத்தாள் வைக்கிற அறையின் சாவி கடைசியாகப் பழமலையிடம்தான் இருந்தது என்றார்கள். மாணவர்களுக்குத் தெரிந்தால் கலவரமாகிவிடும் என்று விஷயத்தை வெளியே விடவில்லை. யாரும் பழமலைக்கு போன்கூடப் போடக்கூடாது, எல்லாம் காகிதத்தில்தான் என்று பதிவாளர் உத்தரவு. "புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் சொல்லவும்" என்று நோட்டீசு தயாரானது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். "நீ விருத்தாசலம்தானே கொளஞ்சி? வூட்டுக்குப் போறப்ப குடுத்துட்டுப் போயிடு. கையெழுத்து வாங்கிக்க. ஆள் இல்லாட்டி கதவுல ஒட்டிட்டு, ரெண்டு பேர்கிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்கிடு."

பையில் கோந்துப் பாட்டிலோடு ரயில் ஏறினேன். ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கதவில் புது மஞ்சள், குங்குமம், மேலே மாவிலை. கோந்து மூடியைத் திறந்து காகிதத்தின் பின்பக்கம் தடவியும் விட்டேன். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மா ஓடி வந்தார். பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை அவருக்கு. விரலெல்லாம் கறுப்புச் சாயம். செல்வி என்று பெயர்.

"யாருங்க நீங்க? அவங்க நம்ம மாவட்டத்து மங்களூர் பக்கம் கொலசாமிக்குப் பொங்க வைக்கப் போயிருக்காங்க. நாளைக்குத்தான் வருவாங்க. என்னா அது?"

"ஆபீசு காகிதம்மா. ஆளு இல்லன்னா கதவுல ஒட்டிட்டுப் போவணும்."

"நல்ல காகிதமா, கெட்ட காகிதமா?"

"நல்ல காகிதத்த எவன் கதவுல ஒட்டுவான்?"

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சாமி, ஒட்டாதீங்க. ஞாயித்துக்கெழம அவரு பொண்ணப் பாக்க சேத்தியாத்தோப்புல இருந்து வராங்க. அவங்க வண்டிய வுட்டு எறங்குனா மொதல்ல பாக்குறது இந்தக் கதவத்தான். அதுல மொத்தத் தெருவும் நின்னு படிச்சிட்டிருந்தா எப்படி இருக்கும்? உங்களுக்குப் பொண்ணு இருக்குதா?"

"ரெண்டு இருக்குது."

"அப்ப ஒட்டுங்க, பாக்கலாம்."

என்னால் முடியவில்லை, தம்பிகளே. மஞ்சள் பூசிய கதவு. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கடவுளே நிற்கிற வாசலில் இதை ஒட்டினால் என் குடும்பத்துக்கு ஆகுமா என்று பட்டது. புதன்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "திங்கக்கெழம காலையில மொத வேலையா நானே அவரு கையில குடுத்துடுறேன். அப்புறமும் ரெண்டு நாள் இருக்குதுல்ல?" என்று அந்த அம்மா சொன்னது நியாயமாகவும் இருந்தது. காகிதத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு சாட்சி, என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் இன்னொரு சாட்சி. "கதவில் ஒட்டிச் சேர்ப்பிக்கப்பட்டது" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவியும், "நல்ல காரியம் பண்ணீங்க" என்றாள்.

புதன்கிழமை பத்து மணி ஆயிற்று, பழமலை வரவில்லை. பதினொன்று ஆயிற்று, வரவில்லை. விசாரணைக் குழு எழுந்துவிட்டது. வாசலில் நின்ற நானும், 'படித்துப் பார்த்துவிட்டு பயந்து ஒளிந்துகொண்டான் போல, அந்த விடைத்தாள் கட்டை இவன்தான் ஏதோ பண்ணியிருக்கிறான்' என்று நினைத்தேன். திங்கட்கிழமை காகிதம் கைக்குப் போயிற்றா என்று என் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில் போய் நான் கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அந்தக் கோப்பு ஐயா மேசைக்கு வந்தது. அன்றைக்கு வெளியூரிலிருந்து ஆய்வுக் குழு வந்திருந்தது. ஐயா நின்றுகொண்டே கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றேன்.

"நோட்டீசு போய்ச் சேந்துச்சா?" என்று ஐயா கேட்டார்.

"சேந்துடுச்சு சார். கதவுல ஒட்டி, ரெண்டு சாட்சி. நம்ம கொளஞ்சிதான் போனாப்ல" என்றார் பதிவாளர்.

ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கொளஞ்சியா போனாரு? சரி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பணிநீக்க உத்தரவு.

இருபத்தைந்து வருடத்தில் அவர் என் மேல் வைத்திருந்த நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு 'சரி'யில் இருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பதிவாளர், "நீதானே விருத்தாசலம்" என்று அந்த உத்தரவையும் என்னிடமே கொடுத்தார்.

இந்தத் தடவை கதவு திறந்திருந்தது. பழமலையே வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, வாங்கண்ணே! நேத்து பூ வச்சிட்டுப் போயிட்டாங்க. ஒக்காருங்க. ஏ பாப்பா, பெரியப்பாவுக்கு லட்டு எடுத்தா." தலை நிறையப் பூவோடு அந்தப் பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"திங்கக்கெழம ட்யூட்டிக்கு வந்துடுவேண்ணே. லீவு போதும்" என்றார் பழமலை.

எனக்குக் கையில் எடுத்த லட்டு வாய்க்குப் போகவில்லை. இந்த மனுஷனுக்கு எதுவுமே தெரியாது.

அதற்குள் செல்வி அம்மா வந்துவிட்டார். கையில் அந்த முதல் காகிதம். கோந்து காய்ந்து முனை ஒட்டிக்கொண்டிருந்தது. "தப்பா நெனச்சிக்காதீங்க. திங்கக்கெழம குடுக்கலாம்னுதான் இருந்தேன். மாப்ள வூட்ல இருந்து போன் வந்துடுச்சு, பொண்ணு புடிச்சிருக்குது, வியாழக்கெழம பூ வைக்க வரோம்னு. நல்லது முடியட்டுமேன்னு வச்சிட்டேன்" என்றார்.

அவரை நான் என்ன சொல்ல? நான் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார்.

பழமலை நோட்டீசை வாங்கி நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார். "புதங்கெழம பத்து மணி போட்டிருக்குதேண்ணே. முடிஞ்சிடுச்சே. நான் வரலன்னு எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

பையில் இரண்டாவது காகிதம் இருந்தது. கொடுத்தால் அந்த நிமிடமே வேலை போய்விடும். கொடுக்காமல், 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனால் போன வாரம் செய்ததையே மறுபடியும் செய்கிறேன். என் பொய்யைச் சொன்னால் என் வேலைக்கும் ஆபத்து. ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தது, சின்னப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பழமலைநாதா என்று கண்ணை மூடினேன். உள்ளே அந்தப் பெண் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பழமலை, ஒன்ன வேலய வுட்டு எடுத்த ஆர்டரு என் பையில இருக்குது. இன்னிக்கு அத நான் குடுக்க மாட்டேன். ஆனா இல்லன்னு மறைக்கவும் மாட்டேன். நாளைக்குக் காலையில என்கூட வா. தப்பு என்னோடது" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "நெரந்தரம் ஆவப்போற வேலன்னு நேத்துதான் சம்பந்திகிட்ட சொன்னேண்ணே" என்றார்.

சனிக்கிழமை காலை முதல் ரயிலில் இரண்டு பேரும் போனோம். ஐயா வீட்டில் பதிவாளரும் இருந்தார். பழமலையை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போய், உத்தரவை மேசைமேல் வைத்தேன். நடந்தது முழுவதையும் நின்றுகொண்டே சொன்னேன்.

ஐயா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "கதவுல ஒட்டினதா எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாங்கய்யா."

"பொய்யி?"

"பொய்தாங்கய்யா. மஞ்சளும் பொட்டும் வச்ச கதவு. அவமானப்படுத்த மனசு வரல."

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நோட்டீசு அவமானம்னு யாரு சொன்னா? 'நீ வந்து பேசு, நாங்க கேக்குறோம்'னு கூப்புடுற காகிதம் அது. அந்த ஆளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. அதத்தான் நீங்க தடுத்து வச்சிட்டீங்க."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஒரு வாரமாக நான் நல்லது செய்ததாக நினைத்த இடம் அது.

பதிவாளர் இடையில் புகுந்தார். "சார், நம்பர் போட்டு, பதிவாகி, கையெழுத்தான உத்தரவு. இத வாபஸ் வாங்கினா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. நீங்களே பெரிய சட்ட அறிஞர். நீங்க போட்ட உத்தரவே தப்புன்னு பேப்பர்ல வரும்."

"தப்புத்தானே?"

"கொளஞ்சி பண்ணினது சார். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் இருபத்தஞ்சு வருஷமா வகுப்புல ஒரே பாடத்தத்தான் சொல்லிக்குடுத்திருக்கேன், அடுத்த தரப்பக் கேக்காம முடிவு எழுதாதேன்னு. பதினோரு வருஷம் ஒழுங்கா வந்த ஆளு, கூப்பிட்டும் ஏன் வரலன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? நின்னுகிட்டே கையெழுத்துப் போட்டேன். பேப்பர்ல வந்தா வரட்டும். ஆளாளுக்கு வந்தாலும் வரட்டும், அதுக்குத்தானே ஆபீசு?" உத்தரவின் குறுக்கே, 'மறுதரப்பைக் கேளாமல் பிறப்பிக்கப்பட்டது, ரத்து' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "வெளிய ஒக்காந்திருக்காரே, அவரக் கூப்புடுங்க" என்றார்.

பழமலைக்குப் புது நோட்டீசு அங்கேயே கையில் கொடுக்கப்பட்டது. "தயார் பண்ணிக்க நாள் வேணுமா?" என்று ஐயா கேட்டார். "வேணாங்கய்யா. திங்கக்கெழமயே வரேன்" என்றார் பழமலை.

திங்கட்கிழமை விசாரணை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. லீவு போட்ட அன்றைக்கு அந்த அறையில் மழைத்தண்ணீர் ஒழுகியிருக்கிறது. சுவரோரம் இருந்த விடைத்தாள் கட்டை பழமலை எடுத்து மாடி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கண்காணிப்பாளருக்கு மறுநாளே வேறு இடத்துக்கு மாறுதல். சாவி அவருடைய பழைய மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. பீரோவைத் திறந்தார்கள், கட்டு இருந்தது. இடம் மாற்றியதைப் பதிவேட்டில் எழுதாததற்கு பழமலைக்கு ஓர் எச்சரிக்கை. அது சரியான எச்சரிக்கைதான், அவரும் ஒப்புக்கொண்டார். பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருந்தது. கல்யாணத்துக்கு நான் போனேன். செல்வி அம்மாதான் பந்தியில் நின்று பரிமாறினார்.

இரண்டு நிமிடப் பேச்சு. அதற்கு வழியில்லாமல் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இதைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லஞ்சம் வாங்காதே, கோபப்படாதே என்று உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரக்கப்படும்போது ஜாக்கிரதையாக இரு என்று சொல்ல ஆள் இல்லை. இரக்கம் வந்தால் மேலே போய்ச் சொல்லுங்கள், "ஐயா, இன்றைக்கு ஒட்ட முடியவில்லை, காரணம் இது" என்று. அன்றே நான் அப்படி எழுதியிருந்தால் ஐயா ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பார். அந்தக் கதவும் சுத்தமாக இருந்திருக்கும், பழமலையும் பேசியிருப்பார்.

என் கதை அதோடு முடியவில்லை. பொய் அறிக்கை கொடுத்ததற்கு எனக்கும் நோட்டீசு வந்தது. ஐயா என்னை விட்டுவிடுவார் என்று ஆபீசில் எல்லோரும் பேசினார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. குறித்த நாளில், குறித்த நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். தினமும் நான் தண்ணீர் வைக்கிற அறைதான். ஐயா எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு எல்லாத்தயும் சொல்லிட்டேனுங்களே ஐயா. புதுசா என்ன இருக்குது?"

"அன்னிக்கு நீங்க அந்த ஆளுக்காகச் சொன்னீங்க. இன்னிக்கு உங்களுக்காகச் சொல்லுங்க. கேக்குறேன்."

சொன்னேன். வெள்ளிக்கிழமை, மஞ்சள் பூசிய கதவு, என் இரண்டு பெண்கள், எனக்கு இருந்த பயம், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதும் விட்டேன். போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. பதிவாளர் எட்டிப் பார்த்தார், ஐயா அவரைக் கையால் நிற்கச் சொன்னார். ஒருவர் நம்மை முழுதாகக் கேட்கிறார் என்றால் அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெற்ற தகப்பனிடம்கூட நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

கேட்டு முடித்துவிட்டு, தண்டனையும் கொடுத்தார். பணிப்பதிவேட்டில் கண்டனம். நான் எழுந்து கும்பிட்டேன். அவரும் எழுந்து நின்றார்.

பதிவுப் பிரிவிலிருந்து எண் போட்டு அந்த உத்தரவு வந்தது, வழக்கம்போல என் ஸ்டூலுக்கு. அந்தக் கட்டடத்தில் தபால் பட்டுவாடா செய்கிறவன் நான்தானே. பட்டுவாடாப் புத்தகத்தைத் திறந்தேன். கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. பெற்றவர் என்ற இடத்திலும் என் கையெழுத்து. நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அரை நாள் முன்னே பின்னே எழுதினாலும் அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, மூன்று மணி பதினேழு நிமிடம் என்று எழுதினேன்.